இடிபட்ட தெருக்களின் வீட்டுக் கணக்கு
அமெரிக்க நகரங்களில் ஸ்பானிய வழியினரின் குடும்ப நினைவுகள் குறித்து

அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், மாநாட்டு மையத்தை ஒட்டி, பச்சைக்கல்லால் கட்டிய பழைய வீடு ஒன்று நிற்கிறது. சுற்றிலும் ஏறத்தாழ எண்பது ஏக்கரில் பரவியிருந்த மெக்சிகக் குடியிருப்பை 1960களின் கடைசியில் நகராட்சி இடித்துத் தள்ளியபோது தப்பிய மிகச் சில கட்டடங்களில் அதுவும் ஒன்று. லியோபோல்டோ கரீயோ என்ற வணிகர் 1878இல் வாங்கிய வீடு அது. 1968 வரை அவர் குடும்பத்தார் கையில்தான் இருந்தது. ஆனால் அந்தத் தொண்ணூறு ஆண்டுக் குடித்தனம் அதைக் காப்பாற்றவில்லை. அரிசோனா இன்னும் மாநிலமாகாத காலத்தில் அதன் ஆளுநராக இருந்த ஜான் ஃப்ரீமாண்ட் அங்கே தங்கினார் என்ற பேச்சு காப்பாற்றியது. அவர் பெயரிலேயே வீட்டைப் புதுப்பித்து அருங்காட்சியகமும் ஆக்கினார்கள். அவர் அங்கே குடியிருந்ததற்கு உறுதியான சான்று கிடையாது என்பது பிறகு தெரிந்தது. கரீயோ குடும்பத்தின் பெயரும், அதற்கு முந்தைய சோசா குடும்பத்தின் பெயரும் பலகையில் ஏறப் பல ஆண்டுகள் ஆயின.

ஓர் ஊரில் பிறந்து, மணமுடித்து, பிள்ளை பெற்று, அறை கூட்டிக் கட்டி வாழ்ந்தவர்கள் அந்த ஊரைப் பற்றிச் சொல்வதற்குச் சான்று என்ற மதிப்பு எவ்வளவு? அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வழியினரை ஹிஸ்பானிக் என்றும் லத்தீனோ என்றும் சொல்கிறார்கள். அவர்களுடைய நகர வரலாற்றை எழுதப் புகுந்த எல்லோரும் இந்தக் கேள்வியில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டாக நேர்காணல்களாகவும் தன்வரலாறுகளாகவும் ஒளிப்படத் தொகுப்புகளாகவும் இந்த நினைவுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றை வரிசையாகப் படித்துவரும்போது எனக்குப் படுவது இது: வீட்டுக்குள் நடந்த பொருளாதாரத்தைப் பற்றிக் குடும்ப நினைவு சொல்வதை எந்த அலுவலகத் தாளும் சொன்னதில்லை. யார் கட்டினார், யார் சம்பளம் யார் கைக்குப் போனது, கடன் எங்கே கிடைத்தது என்பதில் அது நுணுக்கமானது. வீட்டை யார் பறித்தார், எப்போது பறித்தார் என்பதில்தான் அது அடிக்கடி தடம் மாறுகிறது. இந்த நினைவுகளைப் பயன்படுத்துகிறவர்களோ பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். பழி யாருக்கு என்று கேட்க ஒலிவாங்கியை நீட்டுகிறார்கள். வீட்டுக் கணக்கைக் கேட்பதில்லை.

நினைவை இவ்வளவு நம்ப வேண்டி வந்ததற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரு காரணம். 1930 கணக்கெடுப்பு ‘மெக்சிகர்’ என்பதைத் தனி இனமாகக் குறித்தது. மெக்சிக அரசும் அமைப்புகளும் எதிர்த்ததால் 1940இல் அந்தக் கட்டம் நீங்கி, அவர்கள் வெள்ளையர் பட்டியலில் சேர்ந்தார்கள். பிறகு தென்மேற்கின் ஐந்து மாநிலங்களில் மட்டும் ஸ்பானியக் குடும்பப்பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். நாடு முழுவதும் எல்லா வீடுகளிடமும் ஸ்பானிய வழி பற்றிய கேள்வியைக் கேட்டது 1980இல்தான். நகரச் சேரி ஒழிப்பும் விரைவுச்சாலைக் கட்டுமானமும் உச்சத்தில் இருந்த முப்பது நாற்பது ஆண்டுகள் அப்படியே இந்த இடைவெளியில் விழுகின்றன. எத்தனை மெக்சிகக் குடும்பங்கள், எத்தனை போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் கிளம்பின என்று துல்லியமாகச் சொல்ல அரசிடமே ஏடு இல்லை. 2020 கணக்கெடுப்பின்படி ஸ்பானிய வழியினரின் தொகை 6.2 கோடி, அமெரிக்கர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

முதலில் சேகரித்தவர் ஒரு மெக்சிகர். மானிடவியலாளர் மனுவேல் கமியோ 1926–27இல் எல்லை தாண்டி வந்த உழைப்பாளிகளிடம் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதிவைத்தார். அவை 1931இல் நூலாயின. சுரங்கம், ரயில் பாதை, செங்கல் சூளை, சலவைக்கூடம் என்று வேலைகளும் கூலியும் அதில் வரிசையாக வருகின்றன. சொந்த ஊருக்கு என்றாவது திரும்புவோம் என்ற நினைப்பு ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தது. அதனால் அந்தக் கதைகளில் நகரம் தங்குமிடமாகத்தான் தெரிகிறது, வீடாகத் தெரிவதில்லை.

நாற்பது ஆண்டு கழித்து ஆஸ்கர் லூயிஸ் வந்தபோது கருவி மாறியிருந்தது. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலும் நியூயார்க்கிலும் பிரிந்து வாழ்ந்த ஒரு குடும்பத்தை அவர் ஒலிநாடாவில் பேசவிட்டுத் தொகுத்த ‘லா வீதா’ 1966இல் வெளிவந்து, மறுஆண்டு தேசிய நூல் விருதையும் பெற்றது. பேச்சு உயிரோட்டமானது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்னுரையில் லூயிஸ் விரித்துரைத்த ‘வறுமைப் பண்பாடு’ என்ற கருத்துதான் ஊர் சுற்றியது. ஏழ்மை தலைமுறைதோறும் வீட்டுக்குள்ளேயே கைமாறுகிறது என்ற வாசிப்பு அரசு அலுவலகங்களுக்கு வசதியாக இருந்தது. தங்களைப் பாலியல் ஒழுங்கற்றவர்களாகக் காட்டிவிட்டதாக நியூயார்க் போர்ட்டோ ரிக்கர்கள் கொதித்தார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்தப் பருத்த நூலில் குடும்பத்தின் அந்தரங்கம் அத்தனையும் இருக்கிறது. அதே ஆண்டுகளில் அவர்கள் தெருக்களை நகராட்சி என்ன செய்துகொண்டிருந்தது என்பது ஓரத்துக்குப் போய்விடுகிறது. மான்ஹாட்டனின் சான் ஹுவான் ஹில் பகுதியில் கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கர்களுமாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கிளப்பி லிங்கன் சென்டர் என்ற கலையரங்க வளாகத்தை எழுப்பியது அந்தக் காலத்தில்தான். ஆள் நீங்கிய அந்தத் தெருக்களில்தான் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்தின் சில காட்சிகளை எடுத்தார்கள். படம் 1961இல் வந்தது.

வெளியார் கேட்டு எழுதுவதை விட்டுத் தாமே எழுதியவர்களில் இருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இருவரும் கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில் வளர்ந்தவர்கள். எர்னஸ்டோ கலார்ஸா மெக்சிக மலைக்கிராமம் ஒன்றில் 1905இல் பிறந்தவர். புரட்சிக் கலவரத்தில் தாயோடும் இரண்டு மாமன்மாரோடும் வடக்கே வந்தார். அவருடைய ‘பாரியோ பாய்’ 1971இல் வெளியானது. வீட்டாருக்குச் சொன்ன கதைகளிலிருந்து வளர்ந்த நூல் அது என்று அவரே சொல்கிறார். ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் வாடகை அறைகளும், புதிதாக வருபவருக்கு வேலை பார்த்துக்கொடுக்கும் உறவுகளும், ஆங்கிலம் தெரிந்த சிறுவனே குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளனாவதும் அதில் விரிகின்றன. 1918 விஷக்காய்ச்சலில் தாயும் ஒரு மாமனும் போய்விட, மிஞ்சிய மாமனோடு சிறுவன் ஒண்டிக்கொள்கிறான். மாமன்மாரின் கூலியை நம்பித்தான் அந்த வீடு நின்றது என்பது புலம்பல் இல்லாமல், வரவு செலவு ஒப்பிப்பதுபோல் வருகிறது. நூல் வெளிவருவதற்கு முன்பே சாக்ரமெண்டோவின் அந்த மேற்குப் பகுதியில் பெரும்பங்கு அகன்ற அரசு வீதியாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டிருந்தது.

அடுத்த தலைமுறைக்காரர் ரிச்சர்ட் ரோட்ரிகஸ். வெள்ளையர் தெருவில் வளர்ந்தவர். கன்னியர்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துபோனதை 1982இல் வந்த ‘ஹங்கர் ஆஃப் மெமரி’யில் எழுதினார். இருமொழிக் கல்வியை எதிர்த்ததற்காகத் தம்மவரிடமே வசவு வாங்கினார். அந்தச் சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி அத்தியாயத்தில் வரும் ஒரு தகவல். குடும்பத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, வீட்டு விஷயங்களை இப்படி வெளியே எழுதாதே என்று அவருடைய அம்மா கடிதம் போட்டார். எழுதியது தவறு என்று அவர் சொல்லவில்லை, எழுதக்கூடாது என்கிறார். குடும்ப நினைவைச் சான்றாக எடுக்கும் எவரும் இந்தக் கடிதத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கிடைத்திருப்பவை எல்லாம், சொல்லலாம் என்று யாரோ ஒருவர் அனுமதித்தவை.

அனுமதி இல்லாமல் அடியோடு அமுங்கிக் கிடந்த நினைவுக்குச் சரியான எடுத்துக்காட்டு 1930களின் வெளியேற்றம். பொருளாதார வீழ்ச்சியில் வேலை போனதும், நிவாரணச் செலவைக் குறைக்க மெக்சிகர்களை ரயிலேற்றி அனுப்பும் வேலையை உள்ளூர் நிர்வாகங்களே செய்தன. 1931 பிப்ரவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பழைய சதுக்கமான லா பிளசிதாவைக் குடியேற்றத் துறை ஆட்கள் வளைத்துக்கொண்டு, உள்ளே இருந்த நானூறு பேரளவில் நிறுத்தி விசாரித்தார்கள். அச்சமூட்டுவதே நோக்கம், அது நிறைவேறியது. போனவர்களின் தொகையைச் சில இலட்சம் முதல் இருபது இலட்சம் வரை பலவாறு மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள், பெரும்பாலும் குழந்தைகள். பின்னாளில் திரும்பி வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் இதைப் பேசவில்லை. அவமானமாகக் கருதினார்கள்; மறுபடியும் நடக்கும் என்ற பயமும் இருந்தது. ஃபிரான்சிஸ்கோ பல்தெராமாவும் ரேமண்ட் ரோட்ரிகஸும் சேர்ந்து எழுதிய ‘டெக்கேட் ஆஃப் பிட்ரேயல்’ 1995இல் வந்த பிறகே அந்த மௌனம் பரவலாக உடைந்தது. ரேமண்ட் ரோட்ரிகஸின் தந்தையே 1936இல் மெக்சிகோவுக்குப் போய்த் திரும்பாதவர். ஆய்வாளனுக்குத் தகவலாளி தன் வீட்டிலேயே இருந்தார் என்று சொல்லக்கூட முடியாது, அவர் வீட்டில் இல்லாமல் போனதுதான் தகவல். 2005இல் கலிஃபோர்னியா சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. முதியவர்கள் சட்டமன்றக் குழு முன் வந்து சொன்ன வாய்மொழிகளுக்கு அதில் நேரடிப் பங்குண்டு.

சாவேஸ் ரவீன் என்ற பள்ளத்தாக்கின் கதை இதற்கு நேர் எதிர். இங்கே மௌனம் இல்லை, கதை கூடிப்போயிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்துக்கு வடக்கே, குன்றுகளுக்கு நடுவே பாலோ வெர்தே, லா லோமா, பிஷப் என்று மூன்று சிற்றூர்கள் இருந்தன. நகரின் பல பகுதிகளில் மெக்சிகர்களுக்கு வீடு விற்கக்கூடாதென்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதிய காலம். அதனால் சரிவான, தார் போடாத இந்த இடத்தில் மனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மரமும் பலகையும் சேர்த்து, அறை அறையாகக் கட்டிக்கொண்டார்கள். ஆடு, கோழி வளர்த்தார்கள். சரிவில் காய்கறி போட்டார்கள். சொந்தத் தேவாலயமும் பள்ளியும் இருந்தன. டான் நார்மார்க் என்ற இளம் ஒளிப்படக்காரர் 1940களின் கடைசியில் நகரத்தின் அஞ்சலட்டைக் காட்சிக்காக உயரமான இடம் தேடி ஏறியபோது தற்செயலாக இங்கே வந்து சேர்ந்தார். துணி உலர்த்தும் பெண்கள், திண்ணையில் உட்கார்ந்த கிழவர்கள், முதல் நற்கருணை வாங்கப் போகும் சிறுமிகள் என்று எடுத்துத் தள்ளினார். அந்தப் படங்கள் நூலாக வந்தது 1999இல். இடைப்பட்ட ஐம்பது ஆண்டில் ஊரே இல்லை.

இடிப்பதற்கு முன், வீடு வாரியாகச் சேரி என்று சான்றளிக்க வந்த அதிகாரிகள் குறித்தது என்ன? உட்புறக் கழிப்பறை இல்லை, மின்கம்பி ஒழுங்கில்லை, தெரு விளக்கு இல்லை, ஒரு மனையில் இரண்டு வீடு. எல்லாம் உண்மை. ஒரு மனையில் இரண்டு வீடு இருந்தது ஏன் என்பது அந்தப் படிவத்தில் இல்லை. மூத்த மகள் கல்யாணமானதும் பின்னாலேயே ஓர் அறை எழுப்பிக் குடிவைத்தார்கள், வாடகை மிச்சம், பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்வாள் என்பதைப் பழைய குடியிருப்பாளர்களின் பேச்சில்தான் கேட்க முடிகிறது. ‘நெரிசல்’ என்று அதிகாரி எழுதியது அந்தக் குடும்பத்துக்குச் சேமிப்பு. நட்டஈடு என்று வரும்போது கட்டடத்தின் மதிப்பை மட்டும் போட்டார்கள். இந்தச் சேமிப்புக்கு விலை வைக்க எந்த முறையும் அவர்களிடம் இல்லை.

1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் வந்ததும் நகர வீட்டுவசதி ஆணையம் இங்கே பொதுக் குடியிருப்பு கட்டத் தீர்மானித்தது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நாய்ட்ராவும் ராபர்ட் அலெக்சாந்தரும் வரைந்த திட்டத்தில் 13 மாடிக் கோபுரங்கள் 24, இரண்டு மாடிக் கட்டடங்கள் 163. 1950 ஜூலையில் வீடுதோறும் கடிதம் போயிற்று. புதிய வீடுகள் தயாரானதும் முதல் உரிமை உங்களுக்கே என்றது அது. அந்த வாக்கை நம்பிப் பெரும்பாலோர் விற்றுவிட்டுப் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் என்பது பல குறிப்புகளில் வரும் தொகை. பிறகு காற்று மாறியது. பொதுக் குடியிருப்பு என்பதே கம்யூனிசம் என்று வீட்டுமனைத் தொழிலாரும் நாளிதழ்களும் முழங்கின. திட்டத்தின் முன்னணி அதிகாரி ஃபிராங்க் வில்கின்சன் தம் அரசியல் தொடர்புகளைச் சொல்ல மறுத்ததால் 1952இல் வேலையிழந்தார். மறுஆண்டு, அந்தத் திட்டத்தை எதிர்த்தே நாரிஸ் போல்சன் மேயரானார். திட்டம் செத்தது, இடம் தரிசாய்க் கிடந்தது. புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியை அழைத்துவர நகரம் அந்த நிலத்தைக் காட்டி ஒப்பந்தம் போட்டது. 1958 ஜூன் 3 வாக்கெடுப்பில் சுமார் 25,000 வாக்கு வேறுபாட்டில் அந்த ஒப்பந்தம் தப்பிப் பிழைத்தது. மறுஆண்டு மே மாதத்தில் கடைசிவரை அசையாதிருந்த அரேச்சிகா குடும்பத்தை ஷெரிஃப் ஆட்கள் தூக்கி வெளியேற்றியதைத் தொலைக்காட்சி காட்டியது. போரில் கணவனை இழந்த மகள் அவுரோரா வர்காஸைக் கைகால்களைப் பிடித்துத் தூக்கிப் படியிறக்கிய படம் இன்றும் சுவரோவியங்களில் வாழ்கிறது. அங்கே எழுந்த அணியின் அரங்கம் 1962 ஏப்ரலில் திறந்தது.

இன்று தெருவில் யாரைக் கேட்டாலும் டாட்ஜர்ஸ் எங்கள் ஊரை எடுத்துக்கொண்டது என்றே சொல்வார்கள். ஆனால் அணி வருவதற்குள்ளேயே ஊர் ஏறக்குறைய காலி. மிச்சம் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளே. காலி செய்தது ஏழைகளுக்கு நல்ல வீடு தரவேண்டும் என்று மனதார நினைத்த இடதுசாரிச் சாய்வுள்ள அதிகாரிகள். வில்கின்சன் முதுமையில் அதை நினைத்து வருந்திப் பேசியிருக்கிறார். நினைவு ஏன் அணியைப் பிடித்துக்கொண்டது? கண்முன் நிற்பது அரங்கம்தான் என்பது ஒரு விடை. தாங்களாகவே கையெழுத்துப் போட்டு விற்றோம், அதுவும் நல்ல வாக்குறுதியை நம்பி விற்றோம் என்பதை நினைவு வைத்திருப்பது, தூக்கி எறியப்பட்டோம் என்பதை நினைவு வைத்திருப்பதைவிடக் கடினம் என்பது என் விடை. அரேச்சிகா குடும்பத்தின் ஒரு காட்சி ஆயிரம் குடும்பங்களின் நினைவாக மாறியது அப்படித்தான். அந்தக் குடும்பத்துக்கு வேறிடங்களிலும் வீடுகள் உண்டு என்று சில நாளில் செய்தி வந்ததும் அன்றைய நாளிதழ்கள் இரக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டன. இதுவும் ஒரு வேடிக்கை. வீட்டின் மதிப்பாக 17,000 டாலர் கேட்டவர்களுக்கு 10,500 டாலர் தீர்ப்பானது சரியா என்பதுதான் கேள்வி. வேறு வீடு இருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடாது.

பழைய ஊர்க்காரர்கள் தங்களை ‘வேரறுக்கப்பட்டோர்’ என்று சொல்லிக்கொண்டு அரங்கத்தின் பக்கத்துப் பூங்காவில் ஆண்டுதோறும் கூடிச் சாப்பிட்டு வந்தார்கள். அவர்களில் சிலர் அரங்கத்துக்குள் காலே வைத்ததில்லை. மெக்சிகோவின் சொனோரா மாநிலக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஃபெர்னாண்டோ வலென்சுவேலா 1981இல் அணியின் பந்துவீச்சில் புகழ்பெற்றதும் பிள்ளைகள் போனார்கள். பிறகு பேரப்பிள்ளைகள் அணியின் நீலச் சட்டை போட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டும் நடந்தது.

இந்த நினைவுகளில் யார் குரல் கேட்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. பண்டிகை, சாப்பாடு, அம்மாவின் கை என்று ஆண்கள் நெகிழும் இடத்தில் பெண்களின் பேச்சு வேறு திசையில் போகிறது. கிறிஸ்துமஸ் தமாலேயை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு நீரில் மக்காச்சோளத்தை வேகவைத்து, அரைத்து, மாவைக் கொழுப்போடு பிசைந்து, கறி வைத்து, சோளமடலில் சுற்றி, அண்டாவில் அவித்து எடுப்பது இரண்டு நாள் வேலை. அத்தைகளும் மருமகள்களும் கூடி உட்கார்ந்து செய்ததை மகன்கள் சந்தோஷம் என்று எழுதுகிறார்கள். மகள்கள் அதைச் சந்தோஷம் என்றும் சொல்கிறார்கள், முதுகுவலி என்றும் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர் விக்கி ரூயிஸ் தென்கலிஃபோர்னியாவின் பழம் அடைக்கும் தொழிற்சாலைகளில் 1930களிலும் 40களிலும் வேலை செய்த பெண்களிடம் பேசி எழுதியவை இந்த வகையில் முன்னோடி. கூலி உறையைப் பிரிக்காமல் அப்படியே அம்மா கையில் கொடுத்த மகள்கள், நடனத்துக்குப் போவதென்றால் தம்பியையோ அத்தையையோ காவலுக்குக் கூட்டிப்போன மகள்கள், அந்தக் காவலை ஏய்க்க வழி கண்டுபிடித்த மகள்கள் அங்கே வருகிறார்கள். பழைய தெருவின் ஒற்றுமை என்று பிற்காலத்தில் போற்றுவது, அந்தத் தெருவில் ஒரு பெண் யாரோடு நடந்தாள் என்பது அவள் வீடு சேருமுன் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் ஏற்பாடும்தான். இடிந்ததில் சிலருக்கு உள்ளூர ஒரு விடுதலை இருந்திருக்கலாம். அப்படிச் சொன்னவர்கள் குறைவு. கேட்டவர்களும் குறைவு.

வங்கி கடன் தராத இடத்தில் பணம் எப்படிச் சுழன்றது என்பதற்கும் பெண்களிடமே விடை இருந்தது. பத்துப் பேர் மாதம் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் ‘தாந்தா’ நம் சீட்டேதான். ஏலம் கிடையாது, முறை மட்டும் உண்டு. கார்லோஸ் வேலெஸ் இபான்யெஸ் 1983இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இதோடு ஞானத்தாய், ஞானத்தந்தை உறவு. குழந்தையின் ஞானஸ்நானத்தோடு நிற்காமல், இரண்டு குடும்பங்களையும் ஆயுளுக்கும் கட்டிப்போடும் உறவு அது. வேலையும் கடனும் ஒண்டுக்குடித்தனமும் அதன்வழியே கிடைத்தன. தெருவை இடித்தபோது சீட்டு நின்றது. ஞானப்பெற்றோர் நகரின் வேறு மூலைக்குப் போனார்கள். பேருந்து இரண்டு மாறிப் போய்க் கடன் கேட்க முடியாது. நட்டஈட்டுப் பேச்சில் இவை வந்ததே இல்லை.

லாஸ் ஏஞ்சலஸின் கிழக்கே பாயில் ஹைட்ஸில் நடந்தது நிதானமான இடிப்பு. யூதர்கள், ஜப்பானியர்கள், மெக்சிகர்கள், ரஷ்யர்கள் கலந்து வாழ்ந்த அந்தப் பகுதியை 1939இல் மத்திய அரசின் வீட்டுக்கடன் மதிப்பீட்டாளர்கள் கலப்பினத்தைக் காரணம் காட்டியே சிவப்பு மையில் அடைத்தார்கள். கடன் வராத இடம் பழசானது. பழசான இடத்தின் மேல் விரைவுச்சாலை வந்தது. 1960களின் தொடக்கத்துக்குள் பல விரைவுச்சாலைகள் அங்கே பின்னிக்கொண்டன. ஹெலேனா மரியா விராமோந்தஸின் 2007ஆம் ஆண்டு நாவல் ஒன்று அந்தத் தோண்டலுக்கு நடுவே வளரும் பெண்பிள்ளைகளைப் பற்றியது. நாவலைச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு, சாலைத்துறையின் அறிக்கையில் தூசு என்ற சொல்லையாவது தேடிப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒளிப்படங்களில் ஒரு நல்ல முயற்சி லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்துடையது. தங்கள் படத்தொகுப்பில் நகரத்தின் பாதி மக்களைக் காணோம் என்று உணர்ந்து, 1990களின் தொடக்கத்தில் குடும்ப ஆல்பங்களைக் கொண்டுவாருங்கள், படி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம் என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்தன. குடும்ப ஆல்பத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு: கல்யாணம், புதிய கார், பதினைந்தாம் பிறந்தநாள் கொண்டாட்டமான கின்சியான்யெரா, இராணுவ உடை. வேலை நிறுத்தமும் காலி செய்யும் நாளும் ஆல்பத்தில் ஒட்டுவதில்லை. ஆனால் பின்னணியில் தெரு இருக்கிறது, கடைப்பலகை இருக்கிறது, வேலி புதிதா பழசா என்று தெரிகிறது. ஆய்வாளர்களுக்கு அந்தப் பின்னணியே புதையல். 2015 முதல் கலைஞர் குவாதலூப்பே ரொசாலஸ் இணையத்தில் சேர்த்துவரும் 1990களின் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் இளம்பெண்களின் படங்கள் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் கலைத்தன. வீட்டார் ஒட்டாத படங்கள் அவை.

டென்வரும் டூசானும் இரண்டு வேறு முடிவுகளுக்கு வந்தன. டென்வரின் ஔராரியா பகுதியில் 1965 வெள்ளத்துக்குப் பிறகு மூன்று உயர்கல்வி நிலையங்களுக்கான ஒரே வளாகம் என்று தீர்மானித்து, 1969இல் வாக்கெடுப்பும் நடத்தி, முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை அகற்றினார்கள்; பெரும்பாலோர் ஸ்பானிய வழியினர். 1926இல் கட்டிய புனித கஜத்தான் தேவாலயம் இன்று வளாகத்தின் கூட்ட அரங்கம். அங்கிருந்து போனவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகள், பேரர்களுக்கும் கட்டணமில்லாக் கல்வி என்று பிற்பாடு ஓர் உதவித்தொகை வந்தது. 2021இல் அதை எல்லா வழித்தோன்றல்களுக்கும் விரித்தார்கள். என் பார்வையில், இந்தப் பட்டியலிலேயே நினைவுக்குக் காசாக மதிப்புக் கிடைத்த இடம் இதுதான். டூசானில் ஆல்வா டோரஸ் என்ற குடும்பத்தலைவி பழைய சதுக்கத்தைக் காக்கக் குழு திரட்டினார். அவர்கள் கேட்டதில் கிடைத்தது மிகச் சொற்பம். இந்த வரலாற்றை ‘லா காயே’ என்ற நூலில் 2010இல் எழுதிய லிடியா ஒடெரோ, அழிந்த தெருக்களில் குடும்ப வேர் உள்ளவர். அதே டூசானில் எல் திராதிதோ என்ற சிறு வழிபாட்டிடம், காதல் தகராறில் கொலையுண்டவன் ஒருவனின் நினைவாக மெழுகுவர்த்தி ஏற்றும் இடம், 1971இல் தேசியப் பதிவேட்டில் ஏறி, அந்தப் பக்கம் வரவிருந்த விரைவுச்சாலையைத் திருப்பிவிட உதவியது. ஊர்க் கதை மட்டுமே ஆதாரமான இடம் அது. ஆளுநர் பெயர் தேவைப்பட்ட கரீயோ வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.

இப்போதைய மாற்றத்தில் இடிப்பு இயந்திரம் இல்லை, வாடகை இருக்கிறது. சிகாகோவின் பில்சன் பகுதி 2000க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லத்தீனோ மக்களை இழந்தது. பாயில் ஹைட்ஸில் மரியாச்சி சதுக்கத்தருகே 2017இல் வாடகையைக் கண்டபடி உயர்த்தியபோது, இசைக்கலைஞர்கள் உட்படக் குடியிருந்தவர்கள் வாடகை தர மறுத்து, மறுஆண்டு வீட்டுக்காரரைக் கூட்டுப்பேரத்துக்கு இறக்கினார்கள். இந்தக் கட்டத்தின் நினைவுகளைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் கிழக்கே புறநகரில் பெரிய வீடு வாங்கியவரும், அதே தெருவில் வாடகை கட்ட முடியாமல் போனவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள், சில சமயம் ஒரே குடும்பத்தவர்கள். அண்ணன் விற்றதைத் தங்கை இழப்பு என்கிறாள். பழைய கதையின் நகராட்சியும் அணியும் இதில் கிடையாது. பழியைப் பற்றிய நினைவு இங்கே பிடிகிடைக்காமல் தடுமாறுகிறது. வீட்டுக் கணக்கைக் கேட்டால்தான் கதை நகரும்: பத்திரம் யார் பெயரில் இருந்தது, முதியவரை யார் பார்த்துக்கொண்டார், பங்கு எப்படிப் பிரிந்தது.

சாவேஸ் ரவீன் குடும்பங்களுக்கு ஈடுசெய்வது பற்றி 2024இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆய்வுக்குழு ஒன்றை அமைத்து, உரிமையாளருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் என்ன செய்யலாம் என்று பார்ப்பது நோக்கம். உள்ளூர் மட்டத்தில் ஆராய வேண்டியது என்று சொல்லி ஆளுநர் கையெழுத்திட மறுத்தார். அடுத்த முறை அந்தக் குழு எந்த மட்டத்தில் அமைந்தாலும் முதல் தகராறு வாடகைக்கு இருந்தவர்களைப் பற்றியே வரும். உரிமையாளருக்குப் பத்திரமும் நீதிமன்றக் கோப்பும் உண்டு. பின்கட்டில் மாதவாடகைக்கு இருந்த குடும்பத்துக்கு ஞானஸ்நானப் பதிவு, பள்ளி வருகை ஏடு, யாரோ ஒருவர் ஆல்பத்தின் பின்னணியில் விழுந்த வாசற்படி, பக்கத்து வீட்டுக்காரியின் வாய்மொழி, இவ்வளவே. அந்தப் பக்கத்து வீட்டுக்காரிகள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் டாட்ஜர்ஸைப் பற்றிப் போதுமான அளவு கேட்டாகிவிட்டது. பின்கட்டில் யார் இருந்தார்கள், என்ன வாடகை கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.